ரஃப் நோட்டு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் ஆரம்பிக்கும் கொண்டை ஊசி வளைவுகள் 40. ஒவ்வொன்றிலும் 9/40, 10/40 என்று போர்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் எத்தனை பாக்கி என்று கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

போன முறை அங்கே ஒரு பள்ளியில் கணக்குக் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்த வளைவுகளில் ஒன்றையே ப்ராஜெக்ட்டாக எடுத்திருந்தாள். சாட்டிலைட் படத்தை ஜியோஜீப்ராவில் ஏற்றி, வளைவின் மேல் மூன்று புள்ளிகள் வைத்து, இரண்டு நாண்களுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தை மையமாக வைத்து ஒரு வட்டம். ஆரம் இரண்டு தசம இடம் வரை சுத்தமாக. நல்ல ஐடியா. புத்தகத்தில் இல்லாத ஐடியா.

‘அந்த நடுப்புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தும்மா’ என்றேன்.

தயங்கினாள். ‘நகர்த்தினா ரேடியஸ் மாறிப்போயிருமுங்க சார்.’

மாறட்டுமே! நகர்த்துவதற்காகத்தானே அந்த சாஃப்ட்வேர்?

இந்த வகை மென்பொருள்களின் முன்னோடிகளில் ஒன்று 1980-களில் பிரான்ஸில் கிரெனோபிள் நகரில் பிறந்தது. பெயர் காப்ரி. ஆட்டுக்குட்டி மாதிரி கேட்டாலும், ‘ரஃப் நோட்டு’ என்பதற்கான பிரெஞ்சு வார்த்தைகளிலிருந்து சுருக்கியது. அடித்து, திருத்தி, தப்பாகப் போட்டுப் பார்க்கும் நோட்டு. 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் முதுகலை ஆய்வுக்காக ஆரம்பித்ததுதான் ஜியோஜீப்ரா. மாணவர்களுக்கு இலவசம்.

நம் ஊருக்கு வந்ததும் ரஃப் நோட்டு ஃபேர் நோட்டாகிவிட்டது என்பதுதான் என் புகார்.

2018-லிருந்து வந்த தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி உண்டு. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா பக்கம் திறக்கும். அரசுப் பள்ளிப் புத்தகத்தில் இது வந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ‘படி 1, படி 2’ என்று வழியும் போட்டு, வரவேண்டிய முடிவையும் படமாக முன்கூட்டியே அச்சடித்துவிடுகிறார்கள். பையன் ஸ்லைடரை இழுக்கிறான், படத்தோடு ஒத்துப் பார்க்கிறான், மூடிவிடுகிறான். கிளைமாக்ஸ் தெரிந்த படம். ப்ராஜெக்ட்டுகளும் அப்படியே ஆகின்றன: ஸ்க்ரீன்ஷாட், கலர் பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங்.

அதே கண்காட்சியில் இன்னொரு மேஜை. முக்கோணத்தின் மூன்று கோணங்கள்: 47.12, 58.33, 74.54. கூட்டிப் பாருங்கள். 179.99 வருகிறது. அந்தப் பையன் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறான். ‘தசமத்தை எடுத்துட்டு முழு எண்ணா வெச்சுக்கோ’ என்று பதில் கிடைத்திருக்கிறது. 47, 58, 75. கூட்டினால் ஜம்மென்று 180! அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பில் எழுந்த மிக நல்ல கேள்வி அதுவாக இருக்கக்கூடும். ஒவ்வொரு கோணத்தையும் தனித்தனியே இரண்டு இடத்துக்கு முழுமையாக்கியதில் சில்லறை சிதறிவிட்டது, அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால், அளப்பதற்கும் நிரூபிப்பதற்கும் உள்ள வித்தியாசம் புரிந்திருக்கும். ஆயிரம் முக்கோணத்தை இழுத்துப் பார்த்தாலும் 180 என்பது நிரூபணமாகாது. அதற்கு ஓர் இணைகோடு வரைந்தாக வேண்டும், பழைய யூக்ளிட் முறையில்.

நடுவராகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஜியோஜீப்ராவில், படம் எந்த வரிசையில் எழும்பியது என்று படிப்படியாகக் காட்டும் வசதி இருக்கிறது. பிரின்ட் அவுட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு புள்ளியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். நிஜமாக வரைந்த சதுரம் இழுத்தாலும் சதுரமாகவே இருக்கும். கண்ணளவில் ஒப்பேற்றியது கோணிக்கொள்ளும். ஆசிரியர்களுக்கும் ஒன்று: கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலேயே ஓடும். எஸ்டேட் பக்கம் சிக்னல் தேடி மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

வளைவுப் பெண் கடைசியில் புள்ளியை நகர்த்தினாள். ஆரம் மாறியது. வளைவின் நடுவில் மூன்று புள்ளிகளையும் நெருக்கி வைத்தால் சின்ன வட்டம். நுழையும் இடத்தில் வைத்தால் பெரிசு. இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

‘அப்ப ரோடு வட்டமே இல்லீங்களா சார்?’

இல்லைதான். நேர்ச்சாலையிலிருந்து சட்டென்று வட்டத்துக்குத் தாவினால் டிரைவர் ஸ்டியரிங்கை ஒரே வெட்டில் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் வளைவை இடையில் சேர்ப்பது பொறியாளர்களின் வழக்கம். இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அடுத்த வளைவின் படத்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டாள்.