இறந்தவர்களின் பெயரில் வாழ்பவர்கள்

ஜாக் ஒடியாரின் ‘தீபன்’ படத்தை மாமியோடு இருந்து இரண்டாம் முறை பார்த்தேன். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை பெற்ற படம். பிரெஞ்சுப் படம்தான், ஆனால் பேச்சில் பெரும்பகுதி தமிழ் என்பதால் மாமிக்கு விளங்கும் என்று நினைத்தேன். எவ்வளவு விளங்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

படம் சிதையில் தொடங்குகிறது. யுத்தம் முடிகிற நேரம். செத்த சகாக்களை எரித்துவிட்டுத் தன் சீருடையையும் அந்த நெருப்பிலேயே போடுகிறான் ஒரு புலிப் போராளி. அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். பிறகு முகாமொன்றில் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் கைமாறுகின்றன. அதற்குப் பொருத்தமாக ஒரு பெண், அந்தப் பெண் முகாமெல்லாம் அலைந்து கண்டுபிடிக்கும் தாயில்லாச் சிறுமி ஒருத்தி. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் மூன்று மையித்துகளின் பெயரில் பிரான்சுக்குப் போகிறார்கள்.

நான் வாசித்த விமர்சனங்களில் பல, படத்தின் கடைசி அரைமணி நேரத்துத் துப்பாக்கிச் சண்டையைப் பற்றியே பேசின. அது பிழையான முடிவு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் என்னைப் பிடித்துவைத்தது அதற்கு முன்னால் வருகிற அகதி விசாரணைக் காட்சி. தீபன் தயார்செய்துகொண்டு வந்த கதையைச் சொல்கிறான். மொழிபெயர்க்க உட்கார்ந்திருப்பவரும் தமிழர். இந்தக் கதை எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அதிகாரிக்கு விளங்காத மொழியிலேயே வேறு கதை சொல்லிக் கொடுக்கிறார். சிரிப்பு வரக்கூடிய இடம். ஆனால் அங்கே நடப்பது என்ன? மனைவி மக்களைப் பறிகொடுத்த ஒருவன், அந்த இழப்பை மட்டும் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். கடவுச்சீட்டின்படி அவனுடைய மனைவியும் மகளும் உயிரோடு வெளியே காத்திருக்கிறார்கள்! உண்மையான துக்கத்தைச் சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். தீபனாக நடித்த ஷோபாசக்தி 2001இல் எழுதிய ‘கொரில்லா’ நாவலும் அகதி விண்ணப்பத்தோடுதான் தொடங்குகிறது. அந்த மேசையை அவர் அறிந்தவர். முகத்தில் அது தெரிகிறது.

இதைப் பார்க்கும்போது எங்கள் வீட்டு நிவாரண அட்டை நினைவுக்கு வந்தது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அந்த நாட்களில் பிடித்துவைக்கப்பட்டவர்களில் என் மாமாவும் ஒருவர். மற்ற நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில். அட்டையில் மாமாவின் பெயரும் இருந்தது. வருடங்கள் போன பிறகு அதை வெட்டச் சொன்னார்கள். உம்மும்மா விடவில்லை. “அவன்ட பேர வெட்டினா நானே அவன மௌத்தாக்கின மாதிரி” என்றா. ஒரு ஆளின் அரிசிக்காகக் கிழவி பொய் சொல்கிறாள் என்று கொட்டில்களில் பேசிக்கொண்டார்கள். அரிசியும் வந்ததுதான், சாப்பிட்டோம்தான்.

மாமி இத்தா இருக்கவில்லை. மௌத்து நிச்சயமானால்தானே நாலு மாதமும் பத்து நாளும் எண்ணலாம். காதியாரிடம் போகச் சொன்னார்கள். அங்கே போய்க் கேட்பதும் பெயரை வெட்டுவதும் ஒன்றுதான் என்று அவவும் போகவில்லை. குளிப்பாட்டல், கபன், தொழுகை, கபுறு, கத்தம் என்று துக்கத்துக்கு எங்களிடம் ஒழுங்கான படிகள் இருக்கின்றன. முதல் படிக்கே ஜனாஸா வேண்டும். அது இல்லாதவர்களுக்கு நாங்கள் சொன்ன ஒரே வார்த்தை சபுர். மகனைக் காணாத யஃகூப் நபி அழுது அழுது கண் வெளுத்துப்போனார் என்று குர்ஆன் சொல்வதை அந்த நேரம் யாரும் மாமிக்குச் சொன்னதாக ஞாபகமில்லை.

மருத்துவமும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு தனிக் கோளாறாகச் சேர்க்கப்பட்டது. இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும், அந்தச் சமூகத்தின், மதத்தின் வழக்கத்தையும் மிஞ்சியதாக இருக்க வேண்டும் என்கிறது அது. கவனமான வரையறைதான். ஆனால் காணாமற்போனவருக்கு அந்த 6 மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? பவுலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இப்படியான இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அகதி அலுவலகமோ தேதி கேட்கிறது. தேதி தடுமாறினால் ஆள் பொய்யன்.

ஒடியார் இந்த முடிச்சை அழகாகப் போட்டுவிட்டு அவிழ்க்கப் பொறுமையில்லாமல் வெட்டிவிட்டார் என்பதே என் குறை. தீபனின் துக்கம் குடியில் ஒரு தடவை பாட்டாக வெளிவருகிறது. அந்தக் காட்சி போதுமானது. அதை விட்டுவிட்டு அவன் கையில் மறுபடி ஆயுதத்தைக் கொடுத்து, எதிரிகளை வீழ்த்தவைத்து, இங்கிலாந்தில் வெயில் அடிக்கும் தோட்டத்தில் ஒரு கைக்குழந்தையோடு கொண்டுபோய் விடுகிறார். செத்த பிள்ளைகளுக்குப் பதில் ஒரு பிள்ளை. இழப்பு என்பது இடம் காலியாவது, ஆள் வந்தால் நிரம்பிவிடும் என்ற கணக்கு இது. யாழினியையும் சிறுமியையும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக நடத்துகிறது. அவர்கள் யாரை இழந்தார்கள் என்பதில் படத்துக்கு அக்கறையில்லை.

எங்களைத் துரத்திய இயக்கத்தின் ஆள் ஒருவனின் துக்கத்துக்கு நாங்கள் ஏன் கண்கலங்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீருடை எரியும்போது மாமியின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. படத்தில் எங்கள் கதை இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் 1990ஐப் பற்றி எங்கள் பக்கம் எழுதப்பட்டவற்றில் நான் வாசித்தவை வீட்டையும் பள்ளிவாசலையும் கிணற்றையும் எண்ணிய அளவுக்கு ஆட்களை எண்ணவில்லை. இந்த விஷயத்தில் ஒடியாரைக் குறைசொல்லும் என் கை கொஞ்சம் தயங்குகிறது.

படம் முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மாமி தஸ்பீகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. தீபனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தப் புள்ளைட சொந்தப் பேர் என்ன? சொன்னானுகளா?”

நான் கவனித்திருக்கவில்லை.