மறுத்து எழுந்தவர்

1947 ஏப்ரல் தொடக்கம். டில்லி வால்மீகி காலனியின் கோயில் வளாகத்தில், பல சமய வரிகளும் இடம்பெறும் காந்தியின் மாலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. குர்ஆன் வசனங்களை ஓதத் தொடங்கியதும் ஓர் இளைஞர் எழுந்தார். இது இந்துக் கோயில், இங்கே இதை ஓதக்கூடாது என்றார். கூட்டம் அவரை வெளியேற்றப் பார்த்தது. காந்தி தடுத்தார்; அன்றைய பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். மறுநாளும் மறுப்பு வந்தது, மறுநாளும் நிறுத்தினார். எதிர்ப்பு ஓய்ந்த பிறகுதான் பிரார்த்தனை முழுமையாக நடந்தது. குர்ஆனை மட்டும் தவிர்த்துவிட்டு மற்றதைப் பாடிக்கொள்ள அவர் சம்மதிக்கவே இல்லை.

ஒருவரின் மறுப்புக்காக நூற்றுக்கணக்கானோரின் வழிபாட்டை நிறுத்துவதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பிரிவினை வெறி மூண்டிருந்த அந்த ஆண்டில், மறுத்தவரையும் அடித்துத் துரத்தாமல் உட்கார வைத்ததுதான் சர்வசமயப் பிரார்த்தனையின் ஆகப் பெரிய சாதனை.

அந்தப் பிரார்த்தனை வளர்ந்த விதமும் அழகானது. கீதையின் இரண்டாம் அத்தியாய சுலோகங்கள் காந்தியின் ஆசிரமத்தில் முன்பே இருந்தன. ரைஹானா தயாப்ஜி வழியாகக் குர்ஆன் வசனங்கள் சேர்ந்தன. சேவாகிராமத்தில் தங்கிய ஜப்பானியத் துறவி பௌத்த மந்திரத்தைக் கொண்டுவந்தார். ஆகாகான் மாளிகைச் சிறையில் உடனிருந்த டாக்டர் கில்டரால் பார்சிப் பிரார்த்தனை வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கூடவே வாழ்ந்த ஒரு மனிதர் இருந்தார்.

இந்தப் பிரார்த்தனையின் குறை எங்கே? வீடு இந்து வீடு; மற்றவர்கள் மதிப்புக்குரிய விருந்தாளிகள். எல்லாப் பெயர்களும் ஒரே கடவுளுக்கு என்பது இந்து மரபில் வளர்ந்தவருக்கு இயல்பாகப் படும். ராமன் பெயரையும் அல்லாவின் பெயரையும் ஒரே மூச்சில் பாடுவது, ஓரிறைக் கொள்கையில் ஊறியவருக்குத் தன் நம்பிக்கையின் ஆணிவேரையே அசைப்பதாகத் தோன்றலாம். வங்காளத்தின் நவகாளியில், ராமன் பெயரைப் பாடும் ராம்துன் தொடங்கியதும் முஸ்லிம்களில் சிலர் எழுந்து போனதுண்டு. அவர்களுடைய தயக்கத்தை வெறும் குறுகிய மனமாகப் பார்ப்பது தவறு.

இந்தச் சிக்கலைப் போப் இரண்டாம் ஜான் பால் வேறு விதமாகக் கையாண்டார். 1986 அக்டோபர் 27 அன்று இத்தாலியின் அசிசி நகரில் பல சமயத் தலைவர்கள் கூடினார்கள். ஒன்றாகச் சேர்ந்து ஒரே பிரார்த்தனையைச் சொல்வது அங்கே நோக்கமாக இல்லை. முதலில் ஒவ்வொரு சமயத்தாரும் தனித்தனி இடங்களில் வழிபட்டார்கள். பிறகு பொது இடத்தில் அவரவர் பிரார்த்தனையை முறை வைத்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். அப்படியும் ஒரு தேவாலயத்தில் நற்கருணை அப்பத்தை வைக்கும் புனிதப் பேழைமேல் புத்தர் சிலை வைக்கப்பட்டது கத்தோலிக்கருக்குள்ளேயே கசப்பைக் கிளப்பியது. 2011இல் போப் பதினாறாம் பெனடிக்ட் அசிசிக் கூட்டத்தை நடத்தியபோது பொதுப் பிரார்த்தனை இல்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களையும் அழைத்திருந்தார்.

அசிசி முறையில் நேர்மை கூடுதல், நெருக்கம் குறைவு. தலைவர்கள் விமானமேறி ஊர் திரும்பிவிடுவார்கள். வால்மீகி காலனியிலோ அதே மக்கள் மறுநாள் மாலையும் வந்து உட்கார வேண்டியிருந்தது. காந்தி நினைவு நாளில் நம் ஊர்களில் நடக்கும் சர்வசமயப் பிரார்த்தனைகள் இரண்டிலிருந்தும் எளிதானதையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொருவராக ஓதுகிறார்கள், ஓதியதன் பொருளைத் தமிழில் சொல்வது அரிது. அதில் உடன்பாடு இல்லாதவர் எழுந்து பேசவும் இடமில்லை, ஓதியவரிடம் ஒரு கேள்வி கேட்கவும் நேரமில்லை.