இரண்டாம் ஆட்டம் முதலாவதை விஞ்சியதா?

கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை ஸ்ரீரங்கத்தில் உள்ள என் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். காப்பியைக் கையில் கொடுத்த கையோடு அக்காள் ஒரு வழக்கையும் என்னிடம் ஒப்படைத்தாள்.

“நீ எம்.எஸ்சி. படிச்சவன்தானே, நீயே சொல்லு. இவன்கிட்ட ஏற்கெனவே ஒரு ஆட்டம் இருக்கு. இப்ப அதோட ரெண்டாம் பாகம் வேணுமாம். அதே வீரன், அதே ஊரு, அதே மலை. பழைய சட்டைக்குப் புதுப் பொத்தான் வெச்சுக் காசு கேக்கறாங்களா, இல்ல நிஜமாவே புதுசா?”

பிளஸ் டூ படிக்கப்போகும் அவள் மகன், “மாமா, நீங்க ஆடிப் பார்த்துட்டுச் சொல்லுங்க” என்றான். அதுவரை வீடியோ விளையாட்டு எதையும் தொட்டறியாதவன் நான். ஆயினும் கேள்வி நியாயமானது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அத்திம்பேர் வாங்கி வந்த கருவி வீட்டில் இருந்தது. தில்லைநகரில் வசிக்கும் அவனுடைய நண்பனிடம் இரண்டாம் பாகத்தை இரவல் வாங்கி, விடுமுறை முழுவதும் மாமனும் மருமகனுமாக ஆடித் தீர்த்தோம். அதன் முடிவை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆட்டங்கள் எவை?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3-ஆம் நாள் வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ முதல் ஆட்டம். 2023 மே 12-ஆம் நாள் வெளிவந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ அதன் தொடர்ச்சி. இரண்டையும் இயக்கியவர் ஹிதேமாரோ புஜிபயாஷி. லிங்க் என்னும் வீரனாக நாம் மாறி, ஹைரூல் என்னும் நாட்டில் அலைந்து, பகைவரோடு பொருது, புதிர்களை விடுவிக்க வேண்டும். ஆட ஆட வீரனின் உயிர்வலிமையும் தெம்பும் வளரும். சண்டையும் தேடலும் கலந்த பாத்திரமேற்பு ஆட்டங்களுக்கு இவை மிக நெருங்கிய உறவு எனலாம்.

ஒப்பிடும் முறை

தனி ஊசல் சோதனையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று காண, நூலின் நீளத்தை மட்டும் மாற்றுகிறோம். மற்றவற்றை மாறாமல் வைக்கிறோம். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எதன் விளைவு எது என்று எவராலும் சொல்ல இயலாது.

வீடியோ விளையாட்டுகளில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. புதிய பாகம் வரும்போது புதிய கருவியும் வந்துவிடும். படம் பளிச்சென்று தெரிவது கருவியின் திறமையா, ஆட்டத்தின் திறமையா என்று பிரித்தறிய முடியாது. இங்கோ இயற்கையே நமக்கு ஒரு நல்ல சோதனையை அமைத்துக் கொடுத்திருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஸ்விட்ச் என்னும் அதே கருவியில்தான் இரண்டாம் ஆட்டமும் ஓடுகிறது. 2025-இல் வந்த புதிய ஸ்விட்ச் 2-க்காக இரண்டுமே மெருகேற்றப்பட்டன என்பது உண்மை. நாங்கள் ஆடியது பழைய கருவியில். கருவி அதே, வீரன் அதே, நாடும் பெரும்பாலும் அதே. மாறியவை விதிகள் மட்டுமே. ஆகவே விதிகளை எடைபோட்டால் போதும்.

“அதே நாட்டை மறுபடி காட்டுவது ஏமாற்று அல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை எண்ணிப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்ற அடித்தளத்தின்மேல் பதின்மூன்று நிலைகள் எழும்பி, 236 அடி உயரத்தோடு 1987-இல் நிறைவுற்றது அது. அடித்தளம் பழையது என்பதற்காக யாரும் அதைக் குறை கூறுவதில்லை. மேலே எழுந்தது கீழே உள்ளதோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி.

முதல் ஆட்டத்தின் மூன்று விதிகள்

முதல் ஆட்டத்தின் தொழில்நுட்ப இயக்குநர் தகுஹிரோ தோஹ்தா, 2017-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அதன் அடிப்படையை விளக்கினார். தீ, நீர், மின்சாரம், காற்று போன்றவை ஒருபுறம். மரம், உலோகம், புல் போன்ற பொருள்கள் மறுபுறம். தீயும் நீரும் பொருளின் நிலையை மாற்றும். அவை ஒன்றையொன்றும் மாற்றும். ஆனால் பொருள் பொருளை மாற்றாது. இவ்வளவே.

இந்த மூன்று வரிகளிலிருந்து எவ்வளவு விளைகிறது என்பதுதான் வியப்பு. புல்லில் தீ வைத்தால் வெப்பக் காற்று மேலெழும்; அதில் விரிப்பைப் பிடித்தபடி வீரன் உயரே மிதக்கலாம். இடிமழையில் உலோக வாளை முதுகில் சுமந்தால் மின்னல் தேடி வந்து தாக்கும். மழை பெய்தால் பாறை வழுக்கும்.

அத்துடன் ஒரு பொருளைக் காலத்தில் உறையவைக்கும் வித்தையும் உண்டு. உறைந்த பாறையைப் பலமுறை அடித்துவிட்டு விடுவித்தால், அத்தனை அடியும் ஒன்றுசேர்ந்து அதைப் பறக்கச் செய்யும். விசையையும் அது செயற்படும் நேரத்தையும் பெருக்கி வருவது கணத்தாக்கு. கணத்தாக்குகளின் கூடுதலே உந்தத்தில் ஏற்படும் மாற்றம். மெய்யான பாறை இப்படிக் காத்திருக்காதுதான். ஆயினும் கூட்டல் கணக்கு சரியே.

தெப்பம் சுழன்றது

இரண்டாம் ஆட்டம் அந்த உறையவைக்கும் வித்தையை நீக்கிவிட்டது. பதிலாக, எதையும் எதனோடும் ஒட்டும் ஆற்றலை வீரனின் கைக்குத் தந்தது. பொருளும் பொருளும் சேராதிருந்த உலகில் இப்போது பொருள்கள் சேர்கின்றன. சக்கரம், விசிறி, மின்கலம், இறக்கை, பலூன் எல்லாம் கிடைக்கின்றன.

ஓர் ஆற்றைக் கடக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் நீரில் பனிக்கட்டித் தூண்களை எழுப்பி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிச் செல்லலாம். ஒரே நேரத்தில் மூன்றுதான் நிற்கும். இல்லையேல் கரையில் கிடக்கும் தெப்பத்தின் பாய்க்கு இலையால் விசிறலாம். இரண்டாம் ஆட்டத்திலோ தெப்பத்தை நாமே கட்ட வேண்டும். என் மருமகன் நான்கு மரங்களை ஒட்டி, பின்பக்க வலது மூலையில் விசிறியைப் பொருத்தினான். தெப்பம் அக்கரைக்குப் போகவில்லை. இடப்பக்கமாகத் திரும்பி, நின்ற இடத்திலேயே செக்குமாடுபோல் சுற்றியது.

“ஆட்டத்துல கோளாறு, மாமா” என்றான்.

கோளாறு ஆட்டத்தில் இல்லை. 20 நியூட்டன் விசை நிறைமையத்தின் வழியே சென்றால் தெப்பத்தை நேரே தள்ளும். அதே விசை, மையத்திலிருந்து ஒரு மீட்டர் விலகிய கோட்டில் செயற்பட்டால், தள்ளுவதோடு 20 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனையும் உண்டாக்கும். நான் இதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவன் விசிறியை நடுவுக்கு நகர்த்தினான். தெப்பம் நேராகச் சென்றது. பிறகு இரு மூலைகளிலும் ஒவ்வொன்றாக இரண்டு விசிறிகள் வைத்தான். அதுவும் நேராகச் சென்றது. “ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது” என்று அவனே சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை ஆசிரியராக இருப்பவர்கள் அறிவார்கள்.

கல்லூரி திறந்ததும் அந்தத் தெப்பத்தைக் கரும்பலகையில் வரைந்து, எந்தப் பக்கம் திரும்பும் என்று மாணவரைக் கேட்டேன். திருப்புத்திறனின் வரையறையைப் பிழையின்றி எழுதக்கூடியவர்கள் பலர் பதில் சொல்லத் தயங்கினார்கள். வரையறையை நடத்தியவன் நானே. ஆகவே தயக்கத்தில் பாதிப் பொறுப்பு என்னுடையது.

2024-இல் நடந்த அதே மாநாட்டில் இரண்டாம் ஆட்டத்தின் குழுவினர், உலகில் உள்ள அனைத்தையும் இயற்பியல் விதிப்படியே இயங்கச் செய்ய முடிவெடுத்ததையும், அதனால் பட்ட பாட்டையும் விவரித்தார்கள். கதவுக்கு ஒரு விதி, வண்டிக்கு ஒரு விதி என்று வைத்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் மருமகனின் தெப்பம் சுழன்றிருக்காது.

காலம் பின்னோக்கி ஓடுமா?

மற்றொரு புதிய ஆற்றல், ஒரு பொருளை வந்த வழியே திருப்பி அனுப்புவது. வானிலிருந்து விழுந்த பாறைமேல் ஏறி நின்று அதைப் பயன்படுத்தினால், பாறை விழுந்த பாதையிலேயே மேலேறி நம்மை விண்ணுக்குக் கொண்டுசெல்லும்.

நியூட்டனின் விதிகளில் காலத்தின் குறியை மாற்றினாலும் சமன்பாடு மாறுவதில்லை. மேலே எறிந்த பந்தைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் வேறுபாடு தெரியாது. கொட்டிய பால் பாத்திரத்துக்குத் திரும்புவதாக ஓட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள். அங்கே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி குறுக்கே நிற்கிறது. பாறையோடு வீரனையும் தூக்கிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஆட்டம் இதற்கு விடை கூறுவதில்லை. ஆனால் இப்படியொரு கேள்வியைப் பதினேழு வயதுப் பையன் வாயிலிருந்து வரவழைத்ததே அதன் வெற்றி.

இழந்தவை எவை?

புகழ்ந்துகொண்டே போவது விமர்சனம் ஆகாது. இரண்டாம் ஆட்டத்தின் குறைகளையும் காண்போம்.

முதலாவது, வழி எளிதாகிவிட்டது. இரண்டு விசிறிகளையும் ஒரு திசைமாற்றியையும் சேர்த்தால் போதும், பறக்கும் வண்டி தயார். இதைக் கண்டுபிடித்த பிறகு மலையென்ன, மடுவென்ன? வேறு எதையும் கட்டத் தோன்றுவதில்லை. நூறு வழிகளைத் திறந்துவிட்ட ஆட்டம், ஒன்றை மட்டும் மிக மலிவாக விற்று மற்றவற்றின் மதிப்பைக் கெடுத்துவிட்டது. முதல் ஆட்டத்தில் தெம்பைக் கணக்கிட்டு, மழை விடக் காத்திருந்து மலையேறிய பின் கீழே விரியும் காட்சி நமது உழைப்பின் கூலி. மலைக்கோட்டைப் படிகளில் மூச்சுவாங்க ஏறி உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து காவிரியைப் பார்ப்பதும், விமானத்தின் சன்னல் வழியே அதே காவிரியைப் பார்ப்பதும் ஒன்றாகுமா?

இரண்டாவது, கதை. நான்கு கோயில்களை எந்த வரிசையிலும் முடிக்கலாம் என்ற சுதந்தரத்துக்காக, ஒவ்வொன்றின் முடிவிலும் பழம்போரின் வரலாற்றை ஏறத்தாழ ஒரே மாதிரி சொல்கிறார்கள். மூன்றாம் முறை கேட்கையில் கொட்டாவி வருகிறது.

மூன்றாவது, பாதாள உலகம். அது நாட்டின் தலைகீழ் வார்ப்பு: மேலே மலை உள்ள இடத்தில் கீழே பள்ளம், மேலே சன்னிதி உள்ள இடத்தில் கீழே ஒளிவேர். இந்தத் தொடர்பை ஊகித்து, “இங்கே ஒன்று இருக்க வேண்டும்” என்று முன்கூட்டிச் சொல்லி, போய்ப் பார்த்து உறுதிசெய்வது அறிவியலின் வழியேதான். ஆனால் அந்த ஊகம் பலித்த பின், இருட்டைத் தவிர அங்கே பார்க்க அதிகம் இல்லை.

ஒரு பழைய குறையை மட்டும் இரண்டாம் ஆட்டம் அழகாகத் தீர்த்தது. முதல் ஆட்டத்தில் வாள் அடிக்கடி முறிந்துபோவது பலருக்கு எரிச்சலூட்டியது. இரண்டாவதிலும் முறிகிறது. ஆனால் வீழ்ந்த பகைவனின் கொம்பைக் கையிலுள்ள கழியில் பொருத்திப் புது ஆயுதம் செய்துகொள்ளலாம். முறிவைத் தடுக்காமல், முறிவுக்கு ஒரு பயனைக் கொடுத்தார்கள்.

தீர்ப்பு

இரண்டாம் ஆட்டம் முதலாவதை விஞ்சியதா? ஆய்வுக்கூடம் என்ற முறையில், ஐயமின்றி விஞ்சியது. புதிய விதி பழைய விதிகளோடு பெருக்கல் கணக்கில் சேர்ந்திருக்கிறது; கூட்டல் கணக்கில் அன்று. பயணம் என்ற முறையில் முதல் ஆட்டமே மேல். தனிமையும் தயக்கமும் நிறைந்த அந்த முதல் நடைக்கு ஈடில்லை. இரண்டில் எதற்கு எடை கூடுதல் என்று கேட்டால், என் கை இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. காரணம் அந்தத் தெப்பம்தான். ஆனால் முதலாவதை முடித்த பின்பே இரண்டாவதைத் தொட வேண்டும். பறக்கக் கற்றவன் மறுபடி நடந்து மகிழ்வது கடினம்.

அக்காளிடம் இதைச் சொன்னேன். “அப்ப பழைய சட்டை இல்லேங்கற” என்றாள். சற்று யோசித்து, “சரி, பரீட்சை முடியட்டும்” என்றாள். மருமகன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

விளையாட்டில் இயற்பியலைத் தேடுவது ஒன்றும் வேடிக்கையன்று. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன், மிருதங்கத்தின் ஓசையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் அல்லவா?

கருவியை விலைகொடுத்து வாங்க எல்லாராலும் இயலாது. வாங்கத் தேவையும் இல்லை. பெரிய தொட்டியில் வாழைமட்டைத் துண்டுகள் மூன்றைக் குச்சியால் கோத்து மிதக்க விடுங்கள். ஊதிய பலூனின் வாயில் பழைய பேனாக் குழாய் ஒன்றைக் கட்டி, பின்பக்கம் நோக்கியபடி முதலில் நடுவிலும், பிறகு வலது ஓரத்திலும் பொருத்திக் காற்றை விடுங்கள். விடுவதற்கு முன், தெப்பம் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.