புண்ணோனைக் காக்கும் மனை: தொடாக்காஞ்சியும் கோவலூர்ச் சான்றுகளும் – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

போரிலிருந்து மீண்ட வீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உரிய மனநல ஆதரவு, இன்று மருத்துவத்துறைக்கு மட்டுமே உரிய பொருளாகக் கருதப்படுகிறது. மீண்டவனை இரவெல்லாம் காத்த மனையைப் புறத்திணை இலக்கியம் ஒரு துறையாகவே வகுத்துள்ளது. அத்துறை, வீரம், நம்பிக்கை என்னும் இரு தலைப்புகளுக்குள் மட்டும் வாசிக்கப்பட்டதால் அதன் பராமரிப்புப் பொருள் மறைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்த கோவலூர்ச் சான்றுகள் இதற்குத் துணையாகின்றன.

திறவுச்சொற்கள்: தொடாக்காஞ்சி, புறநானூறு, மலையமான், கபிலர், முன்னாள் படைவீரர், மனநலம், கள்ளக்குறிச்சி.

முன்னுரை

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம், மேற்கே கல்வராயன் மலையையும் வடகிழக்கே பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரையும் கொண்டது. மலைக்கு வடக்கேயுள்ள செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. அங்குக் கிடைத்தவை ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறையால் வெளியிடப்பட்டன. செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் வழியோரத்து நடுகற்களைக் காட்டுகிறது. போரில் இறந்தவனை இந்நிலம் கல்லில் நிறுத்தி நினைவுகூர்ந்துள்ளது. இறவாமல் மீண்டவனின் நிலை என்ன என்பதே இங்கு எழும் வினா.

க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், புறப்பாடல்களை உலக வீரயுக இலக்கியங்களோடு ஒப்பிட்டுப் புதுவழி காட்டியது. அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும் விழுப்புண், நடுகல், மறக்குடி மகளிர் ஆகியவற்றிலேயே நிலைகொண்டன. அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே, வியட்நாம் போரிலிருந்து மீண்ட வீரர்களின் சொற்களோடு இலியத்தை இணைத்து வாசித்து 1994இல் ஒரு நூல் எழுதினார். அத்தகைய வாசிப்புக்குப் புறத்திணையில் இடமுண்டு. எனினும், 1980இல் அமெரிக்க நோய்ப்பட்டியலில் இடம்பெற்ற பேரதிர்ச்சிப் பின்விளைவு நோயின் பெயரைச் சங்கப்பாடல் மீது ஒட்டுதல் பொருந்தாது. பாடல்கள் நோயைப் பெயரிடவில்லை; அவை காட்டுவது காவலை.

1. வேந்தனின் இடர், மனையின் காவல்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகத் தொடாக்காஞ்சியைக் கூறுகிறது. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தொடாதவாறு மனைவி காத்தல் இதன் பொருள். அரிசில்கிழாரின் புறநானூற்று 281ஆம் பாடல் இக்காவலை விரித்துரைக்கிறது. மனையில் இரவந்தழையும் வேப்பிலையும் செருகப்படுகின்றன, யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, குழலும் மணியும் காஞ்சிப்பண்ணும் இரவை நிறைக்கின்றன, நறும்புகை வீடெங்கும் பரவுகிறது.

இச்செயல்கள் பழந்தமிழர் நம்பிக்கைகளின் பட்டியலில் இடம்பெறுவதோடு நின்றுவிடுகின்றன. பேய் உண்டா என்னும் வினாவை ஒதுக்கிவிட்டு, செயல்களின் விளைவை நோக்கினால் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, புண்பட்டவன் இரவில் தனித்து விடப்படுவதில்லை. இரண்டாவது, காவல் மனைவி ஒருத்தியின் சுமையாக இல்லை. பாடலின் கூற்றே தோழியை உடன்காக்க வருமாறு அழைப்பதாக அமைந்துள்ளது. மூன்றாவது, அவன் நிலை மறைக்கப்படுவதில்லை. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகும் வழக்கம் இன்றும் தமிழகச் சிற்றூர்களில் உண்டு. உள்ளே ஒருவர் நோயுற்றிருக்கிறார் என்பதை அது ஊருக்கு அறிவிக்கிறது. சங்கப்பாடலின் வேம்பும் இவ்வாறு வாசிக்கத்தக்கதே. வெள்ளைமாறரின் 296ஆம் பாடலில் இக்காவல் ஒலி ஒரு வீட்டுக்கு உரியதன்று. எல்லா வீடுகளிலும் எழுகிறது. புண்பட்டு மீளுதல் அங்கு நாணத்துக்குரிய தனிச்செய்தியாக இல்லை.

281ஆம் பாடலின் இறுதி மேலும் கூர்மையானது. படுத்திருப்பவன் வேந்தனுக்கு நேர்ந்த இடரைத் தான் தாங்கியவன் என்று அது அடையாளப்படுத்துகிறது. இடர் வேந்தனுடையது, புண் வீரனுடையது, காவல் மனைவியுடையதும் தோழியுடையதும். வேந்தன் அப்பாடலின் வீட்டுக்குள் வரவில்லை. நெடுநல்வாடையில் அவன் நள்ளிரவில் பாசறையைச் சுற்றிவந்து, முன்செல்லும் வீரன் ஒவ்வொருவராகக் காட்டப் புண்பட்டோரைக் காண்கிறான். முல்லைப்பாட்டின் வேந்தனோ உறக்கமின்றிப் புண்பட்ட யானைகளையும் இறந்த வீரர்களையும் தீனி மறுக்கும் குதிரைகளையும் நினைந்திருக்கிறான். அவ்வுறக்கமின்மைக்குப் போர்வேட்கையைப் பாடல் காரணமாகக் கூறினும், அவன் எண்ணத்தில் நிறைந்திருப்பவை இழப்புகளே. இரு பாடல்களிலும் வேந்தனின் கனிவு பாசறை எல்லையோடு முடிகிறது. அதற்கு அப்பால் மனையே பொறுப்பேற்கிறது.

2. கோவலூர் தரும் சான்றுகள்

கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, மூவேந்தரும் தத்தம் துணைக்கு வேண்டிய படைத்தலைவன். கபிலரின் புறநானூற்று 122ஆம் பாடல் அவனுடைய உடைமைகளை எண்ணிப்பார்க்கிறது. நாடு அந்தணர்க்குரியது, துணைவேண்டி வேந்தர் தரும் பொருள் இரவலர்க்குரியது, மனைவியின் தோள் ஒன்றே அவனுக்கு எஞ்சுகிறது. கொடைச்சிறப்பாக வாசிக்கப்படும் இப்பாடல், பிறர் போரைச் செய்பவனுக்கு இறுதியில் துணையாவது மனையே என்பதையும் உணர்த்துகிறது.

வீரனின் பிள்ளைகள் பற்றிய சான்றும் இக்குடியிலிருந்தே கிடைக்கிறது. கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்காலில் இட முனைந்தபோது கோவூர்கிழார் பாடி அவர்களைக் காத்தார் என்பது புறநானூற்று 46ஆம் பாடலின் குறிப்பு. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்த சிறுவர், பின்னர் மன்றத்தை மருண்டு நோக்கிப் புதிய துயரம் ஒன்றை அடைகின்றனர். தந்தையர் செய்த போரின் அச்சம் பிள்ளைகளின் கண்ணில் இறங்கும் கணத்தைப் புலவர் துல்லியமாகக் கண்டுள்ளார். கண்டதோடு நில்லாமல் அவையில் அதை எடுத்துரைத்தார் என்பதே பாடலின் பெருமை.

மூன்றாவது சான்று கபிலர். அவர் படைவீரர் அல்லர். ஆயினும் பறம்பின் அழிவுக்குப்பின் எஞ்சியவர். 236ஆம் பாடலில், தன்னை உடன் வரவிடாமல் நின்றுவிடச் சொன்ன பாரியோடு அவர் ஊடுகிறார். மறுமையிலேனும் கூடவேண்டும் என்கிறார். நண்பன் இறக்கத் தான் எஞ்சியது அவருக்குப் பிழையாகத் தோன்றுகிறது. பாரி மகளிரைப் பார்ப்பார்ப்படுத்து வடக்கிருந்தார் என்பது பாடற்குறிப்பு. பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுப் பெண்ணையாற்றங்கரையில் தீப்புகுந்தார் என்பது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு. இரண்டும் வேறுபடினும், கடமை முடித்தபின் அவரைத் தடுத்துக் காத்தவர் ஒருவரையும் எதுவும் குறிப்பிடவில்லை. நட்பின் உச்சமாகவே இது போற்றப்படுகிறது. தொடாக்காஞ்சியின் ஒளியில் வாசிக்கும்போது, ஆற்றிடைப் பாறையான கபிலர்குன்று காவலின்றி விடப்பட்ட ஒருவரின் நினைவிடமாகவும் ஆகிறது.

3. இன்றைய பொருத்தம்

இக்காலத்து ஏற்பாடுகள் குறைவல்ல. 1982இல் தேசிய மனநலத் திட்டமும் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கின. 2003 முதல் நடைபெறும் மருத்துவத் திட்டம் ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரரையும் அவரைச் சார்ந்தோரையும் உள்ளடக்குகிறது. 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கள்ளக்குறிச்சியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை தொடங்கியது. 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினர்க்கெனத் தனிப்பிரிவு அமைந்தது.

ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை, துன்புறுபவர் தாமே பேசுவார் அல்லது தாமே வருவார் என எதிர்பார்ப்பவை. தொடாக்காஞ்சியில் துன்புறுபவன் பேசுவதே இல்லை. மனைவி பேசுகிறாள், தோழி வருகிறாள். கல்வராயன் மலையின் சிற்றூருக்குத் திரும்பும் ஒருவரின் உறக்கமின்மையையும் சினத்தையும் முதலில் அறிபவர் மருத்துவர் அல்லர், உடன்வாழ்பவரே. அவருக்குப் பயிற்சியும் துணையும் இளைப்பாறுதலும் அளிப்பதே ஆதரவின் தொடக்கமாதல் வேண்டும். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் விதிகளின்படி, நான்காண்டுப் பணி முடித்து வெளியேறும் இளைஞர்க்கு முன்னாள் படைவீரர் தகுதியும் அத்தகுதி சார்ந்த மருத்துவத் திட்டமும் இல்லை. அவர்கள் திரும்பும்போது காவல் முழுமையாக மனையின்மீதே விழும்.

முடிவுரை

தொடாக்காஞ்சியை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து மீட்டுப் பராமரிப்பின் இலக்கியமாக வாசிக்க இடமுண்டு. அதே வேளையில் அதைப் பொற்காலச் சான்றாகக் கொண்டாடுதலும் பிழை. வேந்தனின் இடரைத் தாங்கியவனின் புண்ணை மனைமட்டுமே சுமந்த சமனின்மையையும் அப்பாடலே பதிவுசெய்துள்ளது. கோவூர்கிழார் அவையில் எழுந்து பேசியதால் மலையமான் மக்கள் பிழைத்தனர். கபிலர்க்காக எவரும் எழுந்ததாகச் சான்றில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவே, மீண்டுவரும் வீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஒரு சமூகம் செய்யக்கூடியதன் அளவு.