திரித்துவமும் விளிமரபும்

கிறித்தவத் திரித்துவக் கோட்பாட்டைச் ‘சச்சிதானந்தம்’ என்னும் சொல்லால் விளக்கும் முயற்சி, 1950இல் குளித்தலைக்கு அருகே பிரெஞ்சுக் குருமார் மோன்சனினும் லெ சோவும் நிறுவிய ஆசிரமத்தின் பெயராகவே நிலைபெற்றது. சத்து பிதா, சித்து சுதன், ஆனந்தம் தூய ஆவி என்பது பொருத்தம். கடவுளர் மூவர் என மயங்குவார்க்கு ஒருமையை உணர்த்த இதனினும் சிறந்த சொல் அரிது. ஆயின் செபத்தில் இச்சொல் இடர்ப்படுகிறது.

செபமாவது விளித்தல். விளிமரபைத் தனி இயலாக வகுத்த தொல்காப்பியர், ஆண்டு முறைப்பெயரையும் எடுத்தோதுகிறார். தந்தை, மகன் என்பன முறைப்பெயர்கள்; மகனின்றித் தந்தை என்னும் பெயரே இல்லை. நான்காம் நூற்றாண்டில் ஆரியுவின் கொள்கையை மறுத்த அத்தனாசியு வற்புறுத்தியதும் இதுவே. சத்து, சித்து என்பன இயல்பைச் சுட்டுவனவேயன்றி ஒன்றற்கொன்று உறவாவன அல்ல. அஃறிணைப் பெயரும் விளியேற்கும் என்பது உண்மை. எனினும் விளியேற்றல் வேறு, உறவு சுட்டல் வேறு. ஆவி முறைப்பெயரன்று, ஆதலின் ஆனந்தம் அவ்விடத்து ஒருவாறு பொருந்தும். ஏனைய இரண்டும் பொருந்தா.

சச்சிதானந்தம் போற்றுதற்கு உரியதேயன்றி வேண்டுதற்கு உரியதன்று எனலாம். பிரம்மபாந்தவ் உபாத்தியாயர் 1898இல் இயற்றிய வடமொழித் துதி, சச்சிதானந்தத்தை வணங்கித் தொடங்கியும் தந்தை என்னும் முறைப்பெயரை விடமாட்டாது தழுவியமை ஈண்டு நோக்கத்தக்கது.