‘நாங்கள்’ என்னும் கூற்று: விடுதலை டெரி அருங்காட்சியகம் பற்றிய ஒரு திறனாய்வு

தன்மைப் பன்மையை இருவகையாகப் பகுத்துணர்வது தமிழின் சிறப்பியல்புகளுள் ஒன்று. கேட்போரையும் உட்படுத்திச் சொல்லுங்கால் ‘நாம்’ என்கிறோம். அவரை நீக்கிச் சொல்லுங்கால் ‘நாங்கள்’ என்கிறோம். வினைமுற்று விகுதிகளிலும் இவ்வேறுபாடு உண்டு என்பதை நன்னூலார் விளக்கியுள்ளார். அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்னொடு படுக்கும் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ஒரே சொல்லே உள்ளது. ஆதலின், அம்மொழியில் ‘எம் கதை’ என்று ஒருவர் கூறுமிடத்து, கேட்பவர் அதனுள் அடங்குவரா என்பது சொல்லால் விளங்காது. இடம் நோக்கியே உணர வேண்டும். வட அயர்லாந்தின் டெரி நகரில் உள்ள விடுதலை டெரி அருங்காட்சியகத்தை ஆராய்தற்கு இவ்விலக்கணப் பாகுபாடு பெரிதும் துணைசெய்யும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வருங்காட்சியகம் அரசு அமைத்ததன்று. குருதி ஞாயிறு அறக்கட்டளை என்னும் மக்கள் அமைப்பு இதனை 2007இல் நிறுவியது. 2017இல் புதுப்பித்துத் திறந்தது. இது நிற்கும் கிளென்ஃபாடா பார்க், 1972 சனவரி 30ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த இடங்களுள் ஒன்று. அன்று சுடப்பட்டு இறந்தார் ஒருவரின் உடன்பிறந்தாரே இங்குப் பல்லாண்டு விளக்குநராகப் பணியாற்றினார். தம் மக்களின் கதையைத் தம் நோக்கிலேயே சொல்வதாக அருங்காட்சியகம் வெளிப்படையாகக் கூறிக்கொள்கிறது. எனவே இஃது முழுதும் தன்மைக் கூற்றாக அமைந்ததொரு நூல் எனலாம்.

அக்கூற்றின் தொடக்கம் ஒரு கணக்காகும். 1967இல் டெரி நகராட்சித் தேர்தலுக்குரிய வாக்காளருள் கத்தோலிக்கர் 14,429 பேர். ஏனையோர் 8,781 பேர். எனினும் 20 உறுப்பினருள் 12 பேர் யூனியனிஸ்ட் கட்சியினர். கத்தோலிக்கருள் 10,047 பேரை ஒரே வட்டத்துள் அடைத்து, அவ்வட்டத்திற்கு 8 இடங்களை மட்டும் ஒதுக்கியமையே இதற்குக் காரணம். இஃது எதிர்ப்பாளர் புனைந்த கணக்கன்று. 1969இல் வெளிவந்த கேமரன் குழுவின் அறிக்கையிற் கண்டது. உள்ளாட்சியில் வாக்குரிமை, வீட்டுக்குரியார்க்கும் அவர்தம் துணைவர்க்குமே பெரிதும் உரியதாயிருந்தது. ஆகவே ஒரு குடும்பத்திற்கு நகராட்சி வீடு மறுத்தல் வாக்கை மறுத்தலாகவும் முடிந்தது. 1968 அக்டோபர் 5ஆம் நாள் டியூக் தெருவில், தடையை மீறி நடந்த உரிமைப் பேரணியைக் காவலர் தடியால் அடித்துக் கலைத்தனர். 1969 ஆகஸ்டில் பாக்சைடு பகுதியில் மக்களுக்கும் காவலர்க்கும் மூன்று நாள் மோதல் நிகழ்ந்தது. அதன் முடிவில் பிரித்தானியப் படை தெருவிற்கு வந்தது. 1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறைவைக்கும் முறை புகுத்தப்பட்டது. அதனை எதிர்த்து நடந்த பேரணியிலேயே வான்குடைப் படையினர் சுட்டனர். 13 பேர் அன்றே இறந்தனர். மற்றொருவர் சில திங்கள் கழித்து உயிர் நீத்தார்.

இவற்றைக் கூறும் எழுத்துப் பலகைகளைக் காட்டிலும், காட்சிப் பொருள்களே அருங்காட்சியகத்தின் உயிராக விளங்குகின்றன. பின்னாளில் டெரியின் ஆயராகிய எட்வர்டு டேலி, குண்டுபட்ட பதினேழு வயது இளைஞனைத் தூக்கிச் சென்றாரின் முன்னே அசைத்துக்கொண்டு சென்ற கைக்குட்டை இங்குள்ளது. இறந்தார் ஒருவரின் மேலங்கி இங்குள்ளது. அதன் முதுகுப்புறத்தே குண்டு துளைத்த வடு தெரிகிறது. இறந்து கிடந்த ஒருவரின் உடலைப் போர்த்திய உரிமை இயக்கப் பதாகையும் இங்குள்ளது. ‘நாங்கள் துன்புற்றோம்’ என்று ஒருவர் கூறின் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். முதுகுப்புறத்தே துளைபட்ட மேலங்கியோ, ‘இவரை நோக்கிச் சுட்டவர் எங்கு நின்றார்?’ என்னும் வினாவைக் காண்போனிடமே விட்டுவிடுகிறது. கேட்போனை நீக்கி நின்ற கூற்று, இவ்விடத்தே அவனை நடுவனாக அமர்த்திவிடுகிறது.

‘தன்மைக் கூற்று ஒருபாற் கோடும், வரலாறு படர்க்கையிலேயே சொல்லப்பட வேண்டும்’ எனச் சிலர் கூறலாம். டெரியின் வரலாறு இக்கொள்கையை முற்றும் ஏற்கவிடுவதில்லை. 1972 ஏப்ரலில் வெளிவந்த விட்செரி அறிக்கை வெளியார் நிலையில் நின்று, நடுநிலை போன்ற நடையில் எழுதப்பட்டது. அது படையினரின் பொறுப்பைப் பெரிதும் குறைத்து, இறந்தாருட் சிலர் மீது ஐயத்தைச் சுமத்தியது. 1998இல் அமைந்த சாவில் விசாரணைக் குழுவின் முன் 900க்கு மேற்பட்டோர் நேரில் சான்று கூறினர். சுடப்பட்டவருள் எவரும் உயிருக்கு ஊறு விளைக்கும் நிலையில் இருந்திலர் என்று 2010 சூன் 15ஆம் நாள் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை முடிவு கூறியது. அன்றே பிரித்தானியத் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 38 ஆண்டுகளாகக் குடும்பத்தார் ‘நாங்கள்’ என்று சொல்லிவந்ததே இறுதியிற் படர்க்கையின் முடிபாயிற்று. எனினும் சட்டத்தின் முடிபு வேறாக நின்றது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் படைவீரர் ஒருவரைச் சான்று போதாமையால் பெல்பாஸ்ட் நீதிமன்றம் 2025 அக்டோபரில் விடுவித்தது.

இனி, இவ்வருங்காட்சியகம் எதிர்கொண்ட கடுஞ்சிக்கலைக் காண்போம். 2017இல் திறந்த புதிய காட்சியில், அக்காலப் பூசலில் அப்பகுதியில் மாண்டார் பலரின் பெயர்கள் ஒருங்கே இடம்பெற்றன. படைவீரர், காவலர் பெயர்களும் அவற்றுள் இருந்தன. கொல்லப்பட்டார்தம் உறவினர் சிலர் இதனை வன்மையாக எதிர்த்து, அருங்காட்சியகத்திலேயே தம் எதிர்ப்பைக் காட்டினர். அமைப்பாளர் ‘நாங்கள்’ என்பதனை ‘நாம்’ ஆக்க முயன்றனர்; உறவினரோ அதற்கு உடன்படவில்லை. இரு திறத்தாரும் ஒரே மக்கள் என்பது நோக்கத்தக்கது.

அமைப்பாளரின் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் உறவினரின் மறுப்பே வலியது என்பது எம் கருத்து. உளப்படுத்துதல் என்பது ஒருவர்க்காகப் பிறர் செய்யத்தக்க செயலன்று. தம் உடன்பிறந்தார் பெயரை எவர் பெயரோடு சேர்த்து எழுதுவது என்பதை இழந்தவரே முடிவு செய்தல் வேண்டும். அவர் சொல்லாத ‘நாம்’ வெறும் சொல்லாகவே நிற்கும்.

ஆனால் இம்முடிபு அருங்காட்சியகத்தின் பொறுப்பை நீக்கிவிடாது. 1972 சூலை 31ஆம் நாள் படையினர் தடுப்புகளைத் தகர்த்துப் பாக்சைடினுட் புகுந்தனர். விடுதலை டெரியின் கதை அந்நாளோடு முடிகிறது. அதே நாளில், அதே மாவட்டத்தைச் சேர்ந்த கிளாடி என்னும் சிற்றூரில் மூன்று கார்களில் வைத்த குண்டுகள் வெடித்து 9 பேர் மாண்டனர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் அவருள் இருந்தனர். இவ்வொன்பதின்மரும் ‘நாங்கள்’ என்பதனுள் அடங்குவரா? அடங்கார் எனின், அதனைச் சொல்லிவிடுவதே நேர்மை. தன் எல்லை எதுவெனத் தானே கூறும் தன்மைக் கூற்றே நம்பத்தக்கது.

பாக்சைடை மேலிருந்து நோக்கும் பழைய நகர மதிலுக்குள், 2016இல் திறக்கப்பட்ட முற்றுகை அருங்காட்சியகம் உள்ளது. 1689இல் 105 நாள் நிகழ்ந்த முற்றுகையைத் தாங்கிய புராட்டஸ்டண்டினரின் கதையை அவர்தம் மரபினர் அங்குச் சொல்கின்றனர். அதுவும் ‘நாங்கள்’ என்னும் கூற்றே. ஊரின் பெயரும் இவ்வாறே பிளவுபட்டுள்ளது: ஒரு சாரார் டெரி என்பர், மற்றொரு சாரார் லண்டன்டெரி என்பர். இவ்விரு அருங்காட்சியகங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சில மணித்துளி நடையே. இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்து பொதுக்கதை ஒன்றை ஆக்குதல் எளிது. அது விட்செரி அறிக்கையைப் போல எவர்க்கும் உரியதாகாமற் போதலும் எளிது. இரண்டையும் தனித்தனியே கேட்டு, ஒன்றன் சான்றை மற்றொன்றன் சான்றோடு ஒப்பிடும் கடமை காண்போனுடையது. ‘நாம்’ என்னும் சொல் அவ்வூரில் என்றேனும் இயல்பாகப் பிறக்குமாயின், அதனை அவ்வூரார் இரு திறத்தாரும் சேர்ந்தே சொல்லுதல் வேண்டும். அதுகாறும் ‘நாங்கள்’ என்பதனை மறையாது சொல்லும் இவ்வருங்காட்சியகம் செய்வது முறையான பணியே என்பது எம் முடிபு.