பூச்சியத்தில் மறையும் எண்ணெய்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் ஒரு டப்பா எண்ணெயைப் பூச்சியம் என்ற ஓர் எண்ணுக்குள் மறைத்துவிட முடியும். அமெரிக்கக் கடைகளில் விற்கும் தெளிப்பு எண்ணெயே இதற்குச் சான்று. வாணலியில் உணவு ஒட்டாதிருக்க, விரலால் அழுத்தியதும் நுண்துளிகளாகப் பீய்ச்சும் டப்பா அது. எண்ணெயை வெளியே தள்ளும் வாயுவையும் சிறிதளவு பிற பொருள்களையும் ஒதுக்கிவிட்டால், உள்ளே இருப்பது தாவர எண்ணெய்தான். எண்ணெய் என்றாலே கொழுப்பு. ஆயினும் டப்பாவின் மீதுள்ள ஊட்டச்சத்துப் பட்டியலில் ‘கொழுப்பு 0 கிராம், கலோரி 0’ என்று அச்சிட்டிருக்கும். எடையைக் குறைக்க விரும்புவோரும், கொழுப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லி அனுப்பியவர்களும் நம்பி வாங்குவது இந்தப் பூச்சியத்தைத்தான்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சட்டம் வகுத்த கணக்கே இந்த விடையைத் தருகிறது. ஆகவே அந்தக் கணக்கைத்தான் நாம் ஆராய வேண்டும்.

கணக்கின் இரண்டு படிகள்

அமெரிக்காவில் ஊட்டச்சத்து விவரங்களைக் கட்டாயமாக்கிய சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. 1994 முதல் புதிய பட்டியல்கள் உணவுப் பொட்டலங்களில் இடம்பெற்றன. அதற்கு முன்பு ‘ஒருமுறை பரிமாறும் அளவு’ எவ்வளவு என்பதை உற்பத்தியாளர்களே தம் விருப்பப்படி குறித்துக்கொண்டனர். இந்த முறைகேட்டைத் தடுக்கவே, ஒவ்வோர் உணவு வகைக்கும் ஓர் அடிப்படை அளவை உணவு, மருந்து நிருவாகம் வகுத்தது. மக்கள் எவ்வளவு உண்ண வேண்டும் என்பதன்று, வழக்கமாக எவ்வளவு உண்கிறார்கள் என்பதே அந்த அளவுக்கு ஆதாரம். இது நல்ல நோக்கந்தான்.

இரண்டாவது படி, எண்களைச் சுருக்கி எழுதுவது. ஒருமுறை பரிமாறும் அளவில் கொழுப்பு 0.5 கிராமுக்குக் குறைவாயின் அதைப் பூச்சியம் என்றே எழுதவேண்டும். 5 கலோரிக்குக் குறைந்தால் அதையும் பூச்சியம் எனலாம். மிகச் சிறிய அளவுகளைச் சோதனைச்சாலையில் துல்லியமாகக் காண்பது கடினம் என்பதால் இதற்கும் நியாயம் உண்டு.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. இரண்டும் சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தெளிப்பு எண்ணெய்க்கு வகுத்துள்ள அடிப்படை அளவு 0.25 கிராம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும், 0.25 கிராம் தருவது 2.25 கலோரி. கொழுப்பும் கலோரியும் வரம்புக்குக் கீழே நின்றுவிடுகின்றன. இரண்டும் பூச்சியமாகிவிடுகின்றன!

கால் கிராம் எண்ணெய் வெளிவர விரலை ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கு நேரம் அழுத்தினால் போதும் என்று கொள்வோம். அதற்குள் விரலை எடுப்பவர் யார்? 6 நொடி அழுத்தினால் 18 ‘பூச்சியங்கள்’ சேர்ந்து 4.5 கிராம் கொழுப்பும் சுமார் 40 கலோரியும் ஆகின்றன. ஒரு தேக்கரண்டி எண்ணெயும் இதே அளவுதான். டப்பாவில் 170 கிராம் எண்ணெய் இருந்தால் அது 680 பரிமாறல்கள். பட்டியலை நம்பினால் 680 பூச்சியங்களின் கூட்டுத்தொகை பூச்சியம். உண்மையிலோ 1,530 கலோரி!

இதனை விதிகளை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். ‘கொழுப்பற்றது’ என்று சொல்லும் பொருளில் எண்ணெய் சேர்ந்திருந்தால், சேர்பொருள் பட்டியலில் அதன் அருகே நட்சத்திரக் குறியிட்டு, ‘இது சேர்க்கும் கொழுப்பு மிகச் சொற்பம்’ என்று குறிப்பு எழுதச் சொல்லியுள்ளனர். பெரிய எழுத்தில் சொன்னதைச் சிறிய எழுத்தில் திருத்தும் ஏற்பாடு இது.

இதயத்தைத் தொடும் பூச்சியம்

தெளிப்பு எண்ணெய் ஒன்றும் தீய பொருள் அன்று. சாய்த்து ஊற்றுவதைவிடப் பீய்ச்சும்போது எண்ணெய் குறைவாகவே செலவாகும். அந்த உண்மையைச் சொல்லியே அதை விற்கலாம். ஆனால் இதே கணக்கு டிரான்ஸ் கொழுப்புக்குப் பொருந்தியபோது விளைவு கடுமையாயிற்று. பகுதியளவு ஹைடிரஜனேற்றம் செய்த எண்ணெய்களில் இவ்வகைக் கொழுப்பு உண்டாகிறது. நம் நாட்டு வனஸ்பதியும் அவ்வாறு செய்யப்பட்டதே. இது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலைக் கூட்டி, நல்ல கொலஸ்டிராலைக் குறைத்து, இதயநோய்க்கு வழி வகுக்கிறது.

2006 முதல் அமெரிக்காவில் டிரான்ஸ் கொழுப்பின் அளவைப் பட்டியலில் காட்டுவது கட்டாயமாயிற்று. அங்கும் 0.5 கிராமுக்குக் குறைந்தால் பூச்சியம். நாளொன்றுக்குப் பெறும் மொத்தக் கலோரியில் 1 சதவீதத்துக்குக் குறைவாகவே டிரான்ஸ் கொழுப்பு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2,000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 2.2 கிராம். ஒரு பரிமாறலில் 0.4 கிராம் உள்ள பிஸ்கோத்து முதலியவற்றை நாளில் ஐந்து முறை உண்பவர் 2 கிராமை எட்டிவிடுவார். அவர் படித்த ஐந்து பட்டியல்களும் பூச்சியம் என்றே சொல்லியிருக்கும். இந்த எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்ல என்று நிருவாகம் 2015இல் முடிவு செய்தது. 2018 முதல் அவை படிப்படியாக விலக்கப்பட்டன. அதுவரை பட்டியலைக் கவனமாகப் படித்தவரும் ஏமாந்தவரே.

சதவீதம் காட்டும் மாயம்

‘98 சதவீதம் கொழுப்பற்றது’ என்ற விளம்பரத்தையும் பார்ப்போம். 2 சதவீதக் கொழுப்புள்ள பால் இந்த வருணனைக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் சதவீதம் எடையைக் குறிக்கிறது. பாலின் எடையில் பெரும்பகுதி நீர். அந்தப் பாலில் 100 கிராம், சுமார் 50 கலோரி தரும். அதிலுள்ள 2 கிராம் கொழுப்பின் பங்கு 18 கலோரி. அதாவது கலோரியில் 36 சதவீதம் கொழுப்பிலிருந்தே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு விதிகளில் ‘இத்தனை சதவீதம் கொழுப்பற்றது’ என்னும் வாசகத்தையே தடை செய்தது.

தேவையான மாற்றம்

1977–78, 1987–88 ஆண்டுகளின் உணவுக் கணக்கெடுப்புகளைக் கொண்டு வகுத்த பழைய அளவுகளை, அமெரிக்கா 2016இல் திருத்தியது. ஐஸ்கிரீம் அரைக் கோப்பையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு கோப்பையாக உயர்ந்தது. குளிர்பானம் 8 அவுன்சிலிருந்து 12 அவுன்சாயிற்று. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் தெளிப்பு எண்ணெயின் 0.25 கிராம் அப்படியே நிற்கிறது; 0.5 கிராம் வரம்பும் நிற்கிறது.

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 100 கிராம் அல்லது 100 மில்லிலிட்டருக்கான அளவைக் கட்டாயம் காட்ட வேண்டும். அப்போது எண்ணெய் எண்ணெயாகவே தெரியும். பரிமாறும் அளவைச் சுருக்கி அதை ஒளிக்க முடியாது. பரிமாறும் அளவும் வாசகருக்குப் பயன்படுவதே. ஆனால் அது மாறாத ஓர் அளவோடு சேர்ந்து நிற்கவேண்டும்; தனித்து நின்றால் விற்பவருக்கே துணை போகும்.

சட்டம் திருந்தும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பொட்டலத்தை எடுத்ததும் முகப்பிலுள்ள சொற்களை விட்டுவிட்டுச் சேர்பொருள் பட்டியலைப் பாருங்கள். அங்கே எண்ணெய், வெண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கொழுப்புக்கு எதிரேயுள்ள பூச்சியம் சுருக்கி எழுதியது என்று அறிக. பிறகு பரிமாறும் அளவு எத்தனை கிராம், நாம் உண்பது எத்தனை கிராம் என்று கணக்கிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்த மாணவர், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இந்த உதவியைச் செய்யலாம்.